படைக்கொட்டிலும் பிள்ளைமுகமும்

புறநானூறு என்றவுடன் தமிழ் கற்றவர் நெஞ்சில் முதலில் எழுவது வீரம். விழுப்புண் பட்ட மார்பும், மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயும், நடுகல்லும், யானைப்படையும் வகுப்பறையிலும் பள்ளி மேடையிலும் மீண்டும் மீண்டும் உலா வருகின்றன. 1894-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றிய நாள்முதல், அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு மக்களினத்துக்கு அந்த மறப் பாட்டுகள் நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தந்தன. அது காலத்தின் தேவை. அதனைக் குறைகூற இடமில்லை. ஆயினும், அதே நூலில் போரை நிறுத்துமாறு மன்னனை நேர்நின்று கேட்கும் பாட்டுகளும் உள்ளன. அவை விழா மேடைக்கு வருவது குறைவு. வரும்போதும், வரவேண்டிய பாட்டு பின்னே நிற்க, வேறொன்று முன்னே வந்துவிடுகிறது. அந்தத் தடுமாற்றம் எங்கே நேர்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் இடையே பரந்து கிடக்கும் பூச்சோங் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயலம்பங்களுமாக இருந்த மண் அது. இன்று நெடுஞ்சாலைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த நகரம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென எழுந்த தமிழ்ப்பள்ளி இன்று நகரப் பிள்ளைகளின் பள்ளியாக நிற்கின்றது. அத்தகைய பள்ளியொன்றில், ஹிரோஷிமா நினைவுநாளாகிய ஆகஸ்டு 6-ஐ ஒட்டி உலக அமைதியைப் பற்றிப் பேசுமாறு மாணவர் தலைவனிடம் ஆசிரியர் சொல்கிறார் என வைத்துக்கொண்டால், இலக்கியத்திலிருந்து அவன் கைக்கு எளிதாகக் கிடைப்பவை இரண்டு பாட்டுகளே. ஒன்று கணியன் பூங்குன்றனார் பாடியது. மற்றொன்று தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியது. முதலாவது உலகைத் தழுவும் உள்ளத்தைக் காட்டுவது. போர் மூண்ட வேளையில் யாரிடம் என்ன சொல்வது என்பதை அது கூறவில்லை. ஆகவே படைக்குறைப்பு என்ற பொருளுக்கு ஔவையின் பாட்டே மேற்கோள் ஆகின்றது. ‘ஔவை தூது சென்றார், போர் நின்றது, தமிழர் அன்றே அமைதி கண்டனர்’ என்று மாணவன் முடிக்கின்றான். கைதட்டல் எழுகின்றது.

அந்த முடிவு பாட்டிலிருந்து வந்ததா என்று பார்ப்பது நலம்.

ஔவை கண்ட கொட்டில்

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. அதியமான் நெடுமான் அஞ்சி விடுத்த தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகின்றான். பாட்டின் முதற்பகுதி அக்காட்சி. மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு செப்பனிட்டு, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க அகன்ற மனையில் இருக்கின்றன தொண்டைமானின் படைக்கலங்கள். அடுத்து, அங்கே இல்லாத மற்றொரு காட்சியை ஔவை சொல்லாற் காட்டுகின்றார். அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறிய கொட்டிலில் பழுது பார்க்கக் கிடக்கின்றனவாம்.

வகுப்பில் இப்பாட்டு வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றது. புகழ்வது போலப் பழித்தலும், பழிப்பது போலப் புகழ்தலும் ஒரே பாட்டில் அமைந்த நயம் உண்மையிலேயே வியக்கத்தக்கது. ஆனால் நயத்தைப் பாராட்டியதோடு நின்றுவிட்டால் பொருள் தப்பிவிடும். ஔவை தொண்டைமானுக்குச் சொன்னது யாது? ‘உன் படை போர் அறியாதது, எம் படை போரிலேயே தேய்ந்தது, எண்ணிப் பார்’ என்பதுதான். படையைக் குறை என்று அவர் கூறவில்லை. போர் தீது என்றும் கூறவில்லை. எம் வேல் உன் வேலினும் அஞ்சத்தக்கது என்று உணர்த்துகின்றார். எதிரியின் உள்ளத்தில் அச்சம் விளைந்தால் போர் நிற்கும் என்பது அத்தூதின் அடிப்படை.

பழைய குறிப்பாசிரியர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குப் பாட்டின் அடிக்குறிப்பே சான்று. இப்பாட்டுக்கு அவர் வகுத்த திணை பாடாண், துறை வாண்மங்கலம். வாளை வாழ்த்தும் துறை அது. சந்து செய்தலைக் குறிக்கும் துறை வேறொன்று இருந்தும், அவர் அதனை இப்பாட்டுக்குத் தரவில்லை. மேலும், தூதினால் போர் நின்றது என்று பாட்டும் சொல்லவில்லை, அடிக்குறிப்பும் சொல்லவில்லை. அது பிற்காலத்தார் அன்பினால் சேர்த்துக்கொண்ட முடிவு.

ஔவையின் பாட்டுக்கு மற்றொரு பக்கமும் உண்டு என்பதை மறைத்தல் முறையாகாது. பாட்டின் இறுதி படைக்கலத்தை விட்டு உணவுக்கு வருகின்றது. செல்வம் உள்ளபோது பிறர்க்கு ஊட்டியும், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உடன் உண்டும் வாழும் வறியோர் சுற்றத்தின் தலைவன் என்று அதியமான் அங்கே அறிமுகமாகின்றான். அணிந்து வைத்த படைக்கலத்தினும் பசித்தவனோடு உண்ணும் தலைவனே மேலானவன் என்ற குறிப்பு அதில் இல்லாமல் இல்லை. படைக்கு ஆகும் செலவையும் பசிக்கு ஆகும் செலவையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் இக்கால அறிஞர் இந்த முடிவை விரும்பி எடுத்தாளலாம். எனினும் அந்த நல்ல தலைவனின் வேலும் குருதியில் தேய்ந்ததே என்பது பாட்டிலேயே நிற்கின்றது.

அச்சத்தின் மேல் கட்டிய அமைதி

ஔவையின் தூதில் உள்ள கொள்கைதான் 1945-க்குப் பின் உலகை ஆண்டுவந்த கொள்கை. நீ என்னைத் தாக்கினால் உன்னை அழிக்கும் ஆற்றல் என்னிடம் உண்டு. ஆகவே நீ தாக்கமாட்டாய் என்பது அதன் சுருக்கம். இன்று ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 அணுப் படைக்கலங்கள் உள்ளன. தலைநகர்ச் சாலைகளில் ஏவுகணைகளை அணிவகுத்துக் காட்டும் விழாக்களைக் காண்பவர்க்குத் தொண்டைமானின் மயிற்பீலி நினைவுக்கு வராமற் போகாது.

இக்கொள்கை தமிழர்க்கு அயலானது என்று சொல்வதற்கும் இல்லை. 1998-இல் பொக்ரானில் நடந்த அணுச்சோதனைகளில் முதன்மைப் பங்கு கொண்ட டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், வலியவனைத்தான் வலியவன் மதிப்பான் என்ற கருத்தை வற்புறுத்தியவர். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் போற்றும் பெரியார் அவர். எளிய வாழ்வுக்கும் கல்விப் பற்றுக்கும் அவரை எடுத்துக்காட்டாகக் கொள்வது தகும்; அவரது அணுக்கொள்கையை மட்டும் ஆராயாமல் ஏற்க வேண்டும் என்பதில்லை. மாணவன் அவரை மதித்துக்கொண்டே அவரோடு மாறுபடக் கற்றுக்கொண்டால், அதுவும் ஒரு கல்வியே.

அச்சத்தின் மேல் கட்டிய அமைதி எத்துணை நாள் நிற்கும் என்பதற்கு அதியமானின் வாழ்வே விடை. கொல்லன் கொட்டிலில் தேய்ந்து கிடந்த அந்த வேல்கள் அவனைக் காக்கவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான்; அதியமான் மாண்டான். அவன் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டும் அதே புறநானூற்றில் உள்ளது. ஒருவனை அச்சுறுத்தும் படை, அஞ்சாத மற்றொருவன் வந்தபோது பயன்படவில்லை.

அணுவுலகில் அஞ்சாதவன் வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு பொறியின் பிழை போதும். 1983 செப்டம்பர் 26-ஆம் நாள், அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருகின்றன என்று சோவியத்து நாட்டின் எச்சரிக்கைக் கருவி காட்டிற்று. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி, ஐந்தே ஏவுகணைகளோடு யாரும் ஒரு பெரும்போரைத் தொடங்கமாட்டார்கள் என்று எண்ணி, அது பொய்யறிவிப்பு என மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர் கணிப்பு சரியாயிற்று. அன்று உலகைக் காத்தது படைக்கலமன்று. படைக்கலக் கருவியை நம்ப மறுத்த ஒரு மனிதனின் நிதானம்.

கோவூர்கிழார் சொன்னது

ஔவையின் பாட்டு வாண்மங்கலம் என்றால், சந்து செய்யும் பாட்டு எது? அதற்குரிய துறைக்குத் துணைவஞ்சி என்று பெயர். பிறரை வெல்லவோ கொல்லவோ எழுந்து நிற்பவனை அமைதிப்படுத்துவது அதன் இலக்கணம். புறநானூற்றில் 45, 46, 47 என அடுத்தடுத்து வரும் மூன்று பாட்டுகள் இத்துறையின. மூன்றையும் பாடியவர் கோவூர்கிழார். இவர் போரே அறியாத துறவி அல்லர். சோழர் வெற்றியையும் பாடியவர். அவர்தம் கொடையை உண்டவர். ஆதலின் அவர் சொல் அரண்மனைக்கு அயலாருடைய சொல்லாக ஒலிக்கவில்லை. அதுவே அதன் வலிமை.

45-ஆம் பாட்டின் களம் உறையூர். நலங்கிள்ளி வெளியே முற்றியிருக்கின்றான். நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்திருக்கின்றான். இருவரும் சோழர். கோவூர்கிழார் அவர்கள் சூடிய மாலையைச் சுட்டிக்காட்டுகின்றார். எதிரே நிற்பவன் சேரனின் பனம்பூவைச் சூடியவன் அல்லன். பாண்டியனின் வேம்பைச் சூடியவனும் அல்லன். இருவர் தலையிலும் இருப்பது ஆத்தி. ஆதலால் எவன் தோற்றாலும் தோல்வி சோழர் குடிக்கே. இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை. இச்செயல் பிற வேந்தர்க்கே மகிழ்ச்சி தரும் என்று முடிக்கின்றார்.

இங்கே ‘என் வேல் கூரியது’ என்ற பேச்சு இல்லை. யார் வலியவர் என்ற கேள்வியே எழவில்லை. வெற்றி என்ற சொல்லுக்கே பொருளில்லாமற் போகும் ஒரு நிலையைப் புலவர் காட்டுகின்றார். அணுப்போர் பற்றி இக்கால அறிஞர் கூறுவதும் இதுவே. நகரங்கள் எரிந்து எழும் புகையும் நச்சுத்துகளும் எல்லைக்கோட்டை அறியா. வென்ற நாடு என ஒன்று எஞ்சாது.

ஆனால் திறனாய்வாளர் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். பனம்பூச் சூடியவன் எதிரே நின்றிருந்தால் கோவூர்கிழார் போரைத் தடுத்திருப்பாரா? 45-ஆம் பாட்டின் வாதம் உறவை நம்பி நிற்கின்றது. ஒரே குடி என்பதால் போர் வேண்டா என்றால், வேறு குடி என்றால் வேண்டுமா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்துக்கு அடுத்த பாட்டில் விடை இருக்கின்றது.

யானையின் முன் நின்ற சிறுவர்

46-ஆம் பாட்டு துணைவஞ்சிப் பாட்டுகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்று; ஆயினும் பெரும்பொருள் உடையது. மலையமானின் மக்களை யானைக் காலில் இட்டுக் கொல்லக் கிள்ளிவளவன் முனைந்து நிற்கின்றான். அச்சிறுவர் சோழர் அல்லர், பகைவனின் பிள்ளைகள். ஆத்தி மாலை அவர்களைக் காக்காது.

கோவூர்கிழார் மூன்றே செய்திகளைச் சொல்கின்றார். முதற்செய்தி மன்னனைப் பற்றியது: ஒரு புறாவின் துன்பத்தையும் பிறர் பலர் துன்பத்தையும் நீக்கிய முன்னோனின் வழிவந்தவன் நீ. இன்று உலகம் முழுவதும் அமைதிக்கு அடையாளமாக வரையும் அப்பறவை, இங்கே ஓர் அரசனின் மனச்சான்றைத் தொடுவதற்குப் பயன்படுவது நினைக்கத்தக்கது. இரண்டாம் செய்தி சிறுவரின் குலத்தைப் பற்றியது: அறிவையே உழவாகக் கொண்டு வாழும் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தவர் வழியினர் இவர்கள். மூன்றாம் செய்தி கண்முன் நிற்கும் காட்சி. யானையைக் கண்டு அழத் தொடங்கிய சிறுவர், அழுகையை மறந்து, கூடியிருக்கும் மன்றத்தைப் புதியதாகப் பார்த்து மருண்டு நிற்கின்றனர். இதுவரை அறியாத ஒரு வருத்தம் அவர்களிடம் தெரிகின்றது.

இவ்வளவே. மலையமான் செய்தது சரியா, தவறா என்று புலவர் வழக்காடவில்லை. சோழனின் சினத்துக்குக் காரணம் உண்டா என்றும் கேட்கவில்லை. தந்தையின் பகை ஒருபுறம் இருக்க, யானையின் அடியில் இருப்பது பிள்ளையின் தலை என்பதை மட்டும் மன்னன் காணுமாறு செய்கின்றார். இறுதியில், கேட்டுக்கொண்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டுவிடுகின்றார். கட்டளையிட்டிருந்தால் மன்னன் சினந்திருப்பான், கெஞ்சியிருந்தால் இகழ்ந்திருப்பான். கண்ணைத் திறந்துவிட்டு விலகி நின்றதால் அவன் தானே முடிவு செய்தான். சிறுவர் உய்ந்தனர் என்று அடிக்குறிப்பு கூறுகின்றது. ஔவையின் தூதுக்கு இல்லாத சான்று இப்பாட்டுக்கு உண்டு.

47-ஆம் பாட்டிலும் ஓர் உயிர் காக்கப்படுகின்றது. உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, பரிசிலால் வாழும் புலவன் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவன் என்பதைக் கோவூர்கிழார் எடுத்துரைக்கின்றார். போர்க்காலத்து ஐயம் எப்படி எளியவனை ஒற்றனாகக் காட்டும் என்பதற்கு அது பாடம்.

பாட்டனார் சொல்லும் மறுப்பு

இந்தப் பாடத்தைப் பூச்சோங்கில் சொல்லும் ஆசிரியர் ஒரு மறுப்பை எதிர்பார்க்க வேண்டும். அது நூலிலிருந்து வராது, வீட்டிலிருந்து வரும். 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா ரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது அவர்களுள் பெருந்தொகையினர் காட்டிலேயே மாண்டிருந்தனர். மரண ரயில் என்ற பெயர் இன்றும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் வழங்குகின்றது. அக்காலத்தில் வாழ்ந்தோர் பலருக்கு, குண்டு விழுந்ததால்தான் துன்பம் தீர்ந்தது என்பதே நினைவு. ‘எங்கள் பாட்டனாரை விடுவித்த குண்டை நாங்கள் ஏன் வெறுக்க வேண்டும்?’ என்று ஒரு மாணவன் கேட்டால், அது குறும்புக் கேள்வியன்று, உண்மையான கேள்வி.

அதனை அடக்கிவிட்டு அமைதி போதிப்பது பொய்க்கல்வியாகும். மரண ரயிலின் கொடுமையை ஒரு சொல்லும் குறைக்காமல் ஆசிரியர் முதலில் சொல்லவேண்டும். அதன்பின் 46-ஆம் பாட்டுக்கு வரவேண்டும். கோவூர்கிழார் பகையை மறுக்கவில்லை என்பது அப்போதுதான் மாணவனுக்கு விளங்கும். கொடுமை செய்தவன் வேறு. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை ஹிரோஷிமாவில் பள்ளிக்குச் சென்ற பிள்ளை வேறு. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 1,40,000 பேரும், ஆகஸ்டு 9-இல் குண்டு விழுந்த நாகசாகியில் ஏறத்தாழ 74,000 பேரும் இறந்தனர். யானை யார் மேல் கால் வைத்தது என்பதே கேள்வி.

அந்நகரில் இறந்தவருள் மலாயா இளைஞரும் இருந்தனர் என்பதைப் பலர் அறியார். தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து வருங்காலத் தலைவர் ஆகத்தக்க இளைஞர் ஏறத்தாழ இருநூறு பேரைத் தெரிந்தெடுத்து, 1943-லும் 1944-லும் ஜப்பான் தன் நாட்டுக்குக் கொண்டுசென்று பயிற்றிற்று. அவர்களுள் நிக் யூசோப், சையத் ஒமார், அப்துல் ரசாக் அப்துல் ஹமீது என்னும் மூவர் ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தனர். நிக் யூசோப் குண்டுக்கு இரையானார். சையத் ஒமார் சில வாரங்களுக்குப் பின் கியோட்டோவில் உயிர் நீத்தார்; அங்கே என்கோஜிக் கோயிலில் அவர் கல்லறை உள்ளது. இடிந்த கட்டடத்தின் கீழிருந்து பிழைத்த அப்துல் ரசாக் தாயகம் திரும்பி, ஆசிரியப் பணியில் வாழ்ந்து, 2013-இல் மறைந்தார்.

பகைவன் ஊரில் விழுந்த குண்டு நம்மூர்ப் பிள்ளையைக் கொன்றது. அதுவும் தலைமைக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளையை. எந்த மாலை சூடியவன் என்று பார்த்து அணுக்குண்டு விழுவதில்லை. கோவூர்கிழார் 45-இல் சோழர்க்கு மட்டும் சொன்ன வாதம், அணுவுலகில் எல்லார்க்கும் உரிய வாதமாகிவிட்டது. எல்லார் தலையிலும் ஆத்தியே இருக்கின்றது.

பாட்டுக்குப் பின் சட்டம்

பாட்டு ஒன்றே போதும் என்று முடிப்பதும் தவறு. 47-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளியைக் காரியாற்றுத் துஞ்சியவன் என்று குறிக்கின்றது. உறையூரில் கேட்ட அறிவுரைக்குப் பின்னும் அவன் முடிவு காரியாற்றில்தான் நேர்ந்தது. புலவர் ஓர் உயிரைக் காத்தார்; இரு சிறுவரைப் போன்றோரைக் காத்தார்; போர் என்னும் முறையை அவரால் மாற்ற இயலவில்லை. மன்னனின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய அமைதி, மன்னன் மனம் மாறியவுடன் கலைந்துவிடும். அதனை நிலைநிறுத்துவதற்கு உடன்படிக்கையும் சட்டமும் வேண்டும்.

இவ்வகையில் மலேசியாவின் பங்கு சிறிதன்று. தென்கிழக்காசியாவை வல்லரசுப் பூசலினின்று விலக்கி நடுநிலை வட்டாரமாக்கும் அறிவிப்பு 1971 நவம்பர் 27-இல் கோலாலம்பூரிலேயே கையெழுத்தாயிற்று. அணுப் படைக்கலம் இல்லாத தென்கிழக்காசியாவுக்கான உடன்படிக்கை 1995-இல் பாங்காக்கில் ஏற்பட்டு, 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அணுப் படைக்கலப் பயன்பாடு பொதுவாகப் பன்னாட்டுச் சட்டத்துக்கு மாறானது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1996 ஜூலை 8-இல் கருத்துரைத்தபின், அதனைச் செயற்படுத்தக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுப்பேரவையில் ஆண்டுதோறும் முன்வைத்த நாடு மலேசியா. அந்நீதிமன்றம் தற்காப்பின் கடை எல்லையைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்பதும் மாணவர்க்கு உரைக்கத்தக்கது. அறிஞரும் தயங்கிய இடம் அது.

கோலாலம்பூர் மகப்பேற்று மருத்துவர் ரொனால்ட் மெக்காய், பிள்ளைகளை உலகுக்குக் கொண்டுவரும் தொழிலோடு நில்லாமல், அப்பிள்ளைகளுக்கு உலகம் எஞ்ச வேண்டுமே என்றும் உழைத்தவர். அணுப் படைக்கலங்களை ஒழிக்கப் பன்னாட்டு இயக்கம் ஒன்று வேண்டும் என்று 2005-இல் அவர் முன்மொழிந்த கருத்தே வளர்ந்து இயக்கமாயிற்று. அவ்வியக்கத்தின் உழைப்பும் சேர்ந்து, 2017 ஜூலை 7-இல் 122 நாடுகளின் வாக்கோடு அணுப் படைக்கலத் தடை உடன்படிக்கை நிறைவேறியது. அவ்வாண்டு நோபல் அமைதிப் பரிசும் அவ்வியக்கத்துக்குக் கிடைத்தது. மலேசியா 2020-இல் அவ்வுடன்படிக்கையை உறுதி செய்தது. 2021 ஜனவரி 22-இல் அது நடைமுறைக்கு வந்தது. அணுப்படை உடைய ஒன்பது நாடுகளுள் ஒன்றும் அதில் சேரவில்லை. தொண்டைமானின் கொட்டில் இன்னும் திறந்தே இருக்கின்றது.

அணுவெல்லாம் தீது என்ற அச்சத்தையும் ஆசிரியர் விதைக்கலாகாது. பூச்சோங்கிலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய பாங்கியில் 1982 முதல் ஆய்வு அணுவுலை ஒன்று இயங்கி வருகின்றது. மருத்துவத்துக்கும் உழவுக்கும் பயன்படும் ஆய்வு வேறு, நகரை எரிக்கும் குண்டு வேறு என்று பகுத்தறிவதும் இக்கல்வியின் பகுதியே.

முன்னரே பாடவேண்டிய பாட்டு

படைக்குறைப்புக் கல்வியைப் பற்றி ஐ.நா. 2002-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, எதை எண்ண வேண்டும் என்று புகட்டுவதினும் எவ்வாறு எண்ணுவது என்று பயிற்றுவதே நோக்கம் என்ற கருத்தை வற்புறுத்திற்று. முடிவை மன்னனிடமே விட்ட கோவூர்கிழாரின் முறையும் அதுவே. இளந்தலைவர்களைத் தெரிந்தெடுத்து ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் காணச்செய்யும் திட்டமொன்றை, ஜப்பான் 2022-இல் அறிவித்த பொருளுதவியைக் கொண்டு ஐ.நா. நடத்தத் தொடங்கியது. 1943-இல் இளைஞரைப் போர்க்கால நோக்கத்துக்காக வரவழைத்த அந்நாடு, இன்று எரிந்த நகரின் கதையைக் கேட்க வரவழைக்கின்றது. இம்மாற்றம் ஒரே இரவில் வந்ததன்று. தப்பிப் பிழைத்தவர்கள் பல்லாண்டு பள்ளிதோறும் சென்று தம் கதையைச் சொன்னதால் வந்தது. அத்தகையோரின் அமைப்புக்கு 2024-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ஹிரோஷிமா செல்லும் வாய்ப்பு எல்லா மாணவர்க்கும் வாய்ப்பதில்லை. தமிழாசிரியர் கையில் வேறொரு வாய்ப்பு உள்ளது. அவர் 95-ஆம் பாட்டையும் 46-ஆம் பாட்டையும் ஒரே நாளில், அடுத்தடுத்து வகுப்பில் வைக்கலாம். போரை நிறுத்தும் ஆற்றல் இவ்விரண்டில் எதற்கு மிகுதி என்று கேட்டு, வகுப்பை இருகூறாக்கி வாதிடச் செய்யலாம். அடிக்குறிப்பைப் படிக்கச் சொல்லலாம். வாண்மங்கலம் எது, துணைவஞ்சி எது என்று மாணவரே கண்டுபிடிக்கட்டும். ஔவையின் பக்கம் நின்று நன்கு வாதிடும் மாணவனை ஆசிரியர் தடுக்கலாகாது. உலகின் பெருநாடுகள் அப்பக்கமே நிற்கின்றன. அவன் வாதத்துக்கு விடை காண்பதே வகுப்பின் வேலை.

இவ்வாறு கற்பிப்பதால் ஔவையின் புகழ் குறையாது. அரசன் அவையில் அஞ்சாது பேசிய பெண்பாற்புலவர் என்ற சிறப்பு அவர்க்கு என்றும் உரியது. வாள்வாழ்த்தை அமைதிப் பாட்டு என்று சொல்லி மாணவரைத் தவறான வழியில் செலுத்தும் பழி மட்டும் நீங்கும்.

கோவூர்கிழார்க்கு இருந்த ஒரு நற்பேறு இக்காலத்தார்க்கு இல்லை. யானை தூக்கிய காலுக்கும் சிறுவன் தலைக்கும் இடையே ஒரு பாட்டுப் பாடும் அளவு காலம் அவர்க்கு இருந்தது. ஏவுகணை எழுந்தபின் அத்தகைய காலம் கிடையாது. சில நிமிடங்களே உண்டு. அவ்வேளையில் எந்தப் புலவரும் மன்னனை அணுக முடியாது. ஆகவே அப்பாட்டை முன்னரே பாடிவிட வேண்டும். நாளை பொத்தானின் அருகில் அமரக்கூடியவனும், அதனைத் தடுக்கும் சட்டத்துக்கு வாக்களிக்கக்கூடியவளும், இன்று ஏதோ ஒரு பள்ளியில் ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ இருக்கின்றனர். அப்பள்ளி பூச்சோங்கில் இருப்பினும் வியப்பதற்கில்லை. அழுகையை மறந்து நின்ற அச்சிறுவரின் முகத்தை அவர்கள் இளமையிலேயே கண்டிருந்தால், பின்னொரு நாள் யானையை ஏவுமுன் ஒருகணம் தயங்குவர். அத்தயக்கத்தை உண்டாக்குவதற்கே 46-ஆம் பாட்டு வகுப்பறைக்கு வரவேண்டும்.